சத்தம் போடாத பை

“இதோட ஜிப் சத்தம் போடுது. வேற காட்டும்மா.”

விற்பனைப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு அந்தப் பையையும் ஓரமாக வைத்தாள். மேசையில் ஏற்கெனவே ஒரு குவியல் சேர்ந்திருந்தது. கடை திறந்ததும் முதல் ஆளாக உள்ளே வந்த இந்த அம்மாளுக்கு இதுவரை ஒரு பைகூடப் பிடிக்கவில்லை. பக்கத்தில் மருமகள், இடுப்பில் குழந்தையோடு நின்றிருந்தாள்.

அவசரத்துக்கு ஒரு பை வேண்டும், ஆபத்து என்றால் எடுத்துக்கொண்டு ஓடுகிற மாதிரி இருக்க வேண்டும் என்றுதான் அந்த அம்மாள் வந்ததும் கேட்டாள். அதைக் கேட்டு விற்பனைப் பெண்ணுக்கு உற்சாகமாகத்தான் இருந்தது. அவள் பிரிவே அதுதான். வெள்ளத்துக்கு என்று ஒரு பை உண்டு. தண்ணீர் புகாத துணி, வாயைச் சுருட்டி மூடலாம். தீ விபத்துக்கு இன்னொன்று. புகையில் மூச்சு முட்டாமல் இருக்க முகமூடியும் கையுறையும் உள்ளேயே இருக்கும். போகிற வழியில் வண்டி நின்றுபோனால் எடுக்க வேறொன்று. கயிறு, டார்ச், கம்பளி. எல்லாவற்றையும் பிரித்துப் போட்டுத் தொண்டை வறள விளக்கினாள்.

ஒன்றும் தேறவில்லை. வெள்ளத்துக்கான பை கண்ணைப் பறிக்கிற ஆரஞ்சு நிறத்தில் இருக்கிறதாம். காப்பாற்ற வருகிறவர்களுக்குத் தூரத்திலிருந்தே தெரிய வேண்டும், அதற்காகத்தான் அந்த நிறம் என்று இவள் சொன்னாள். யார் கண்ணிலும் படாத நிறமாகக் கொடு என்றாள் அந்த அம்மாள். தீ விபத்துப் பையை வாசல் கதவோரம் மாட்டி வைக்க வேண்டும் என்று சொன்னதற்கு, அதெல்லாம் சரிப்பட்டு வராது, கட்டிலுக்கு அடியில் நுழையுமா என்று கேட்டாள். மூன்றாவது பையில் தொங்கிய விசிலைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தாள்.

“இதைக் கழட்டிட முடியுமா?”

“மாட்டிக்கிட்டா உதவிக்கு ஆளைக் கூப்பிடத்தாம்மா அது.”

“வேண்டாம். கழட்டிடு.”

விற்பனைப் பெண் கழற்றினாள். ஆபத்துக்கு என்று பை வாங்க வந்துவிட்டு, ஆபத்தில் கைகொடுப்பதை எல்லாம் ஒவ்வொன்றாக வேண்டாம் என்கிற ஆளை அவள் இதற்கு முன் பார்த்ததில்லை.

உள்ளறைக்குப் போய், விலை போகாமல் தூங்கிக்கொண்டிருந்த ஒரு சாம்பல் நிறப் பையைத் தூசி தட்டி எடுத்து வந்தாள். ஜிப் கிடையாது, ஒட்டுப்பட்டை கிடையாது, வாயில் வெறும் நாடாதான். அந்த அம்மாள் நாடாவை இழுத்து, காதருகே வைத்துக் கேட்டாள். பிறகு அதை மருமகளிடம் நீட்டினாள்.

“மாட்டிக்கிட்டு நட பாப்போம். குழந்தையை இறக்காதே. இடது தோள் வேண்டாம், வலதுல மாட்டு.”

மருமகள் நடந்தாள். வேகமாக நட என்றாள் மாமியார். குனிந்து கீழே இருந்து எடுத்துப் பார் என்றாள். செருப்பைக் கழற்றிவிட்டு இன்னொரு முறை நடக்கச் சொன்னாள். அந்தப் பெண் குழந்தையை அணைத்துக்கொண்டு சொன்னதை எல்லாம் செய்தாள். அவள் நெற்றியில் வேர்த்திருந்தது.

விற்பனைப் பெண்ணுக்கு ஆத்திரமாக வந்தது. அவள் வீட்டிலும் ஒரு மாமியார் உண்டு. ஆனாலும் நாலு பேர் வந்து போகிற கடையில் வைத்து இப்படி ஆட்டி வைத்ததில்லை. மூட்டையும் மருமகள் தலையில், பிள்ளையும் அவள் இடுப்பில், இந்த அம்மாள் மட்டும் கையை வீசிக்கொண்டு வருவாளாக்கும் என்று மனசுக்குள் கறுவினாள்.

அந்த நேரத்தில் அம்மாளின் போன் அடித்தது. டாக்டரிடம் வந்திருப்பதாகவும், கூட்டமாக இருக்கிறது, இன்னும் கூப்பிடவில்லை என்றும் கண் இமைக்காமல் சொல்லிவிட்டு அதை அணைத்தாள். கூசாமல் பொய் வேறு. விற்பனைப் பெண்ணின் பொறுமை அந்த இடத்தில் பாதி போயிற்று.

“வீட்ல எத்தனை பேரும்மா? அதுக்குத் தகுந்த அளவு பாக்கணும்.”

“நாலு பேர். ஆனா பையில ரெண்டு பேர் துணி அடங்கினா போதும். அப்புறம் இவ படிச்ச சர்டிபிகேட், குழந்தைக்குப் பால் பவுடர்.”

“மீதி ரெண்டு பேருக்கு?”

“அவங்க எங்கேயும் போகலை.”

மீதிப் பொறுமையும் போயிற்று. விற்பனைப் பெண் மேசையில் கிடந்த பைகளை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு நிமிர்ந்தாள்.

“தப்பா நினைக்காதீங்கம்மா. வெள்ளம்னா ஒரு பை, தீன்னா ஒரு பை. நீங்க கேக்கறது எதுலயும் சேர மாட்டேங்குது. நிறம் தெரியக்கூடாது, சத்தம் வரக்கூடாது, வாசல்ல இருக்கக்கூடாதுன்னா நான் எதைக் குடுக்கட்டும்? எதுக்குப் பயந்து ஓடப் போறீங்கன்னு சொன்னாத்தானே எனக்குத் தெரியும்?”

மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். அந்த அம்மாள் கடை வாசலை ஒரு தடவை பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணின் தோளிலிருந்து நழுவிய பட்டையை, வலிக்காமல், மெல்ல எடுத்துச் சரியாக வைத்தாள்.

“நான் ஓடலம்மா. இவளும் குழந்தையும்தான் ஓடணும்,” என்றாள் தணிந்த குரலில். “என் பையன்கிட்டேருந்து.”