வாடாத நொச்சி

"பாய்! கைய எடு!"

பூசாரி பெருமாள் போட்ட சத்தத்தில், சுனையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த குரங்குகூடத் தாவி ஓடிவிட்டது. ஜட்காக்காரர் கரீமுல்லா மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார். கையும் களவுமாக அகப்பட்டவர் எங்கே ஓடுவார்? ஒரு கையில் காய்ந்துபோன நொச்சிக் கொத்து. இன்னொரு கையில் குதிரைக்குப் புல் அறுக்கிற கத்தி.

திருத்தணி மலையின் பின்பக்கச் சரிவில் இருப்பவள் தழையம்மா. கோபுரமில்லை, கூரையில்லை. ஒரு கல், ஒரு சுனை, சுற்றிலும் நொச்சிப் புதர், அவ்வளவுதான். தழைதான் அவள் உடம்பு என்பதால் அங்கே இரும்பு படக்கூடாது. தூரதேசம் போனவருக்காக வெள்ளிக்கிழமையன்று ஒரு கொத்தைக் கையால் ஒடித்து, அவள் முன்னால் கலயத்துத் தண்ணீரில் வைப்பார்கள். அடுத்த வெள்ளி வரைக்கும் அது பச்சையாக இருந்தால், போனவர் உயிரோடு இருக்கிறார் என்று அர்த்தம்.

நூல் இழைக்கிற தாயாரம்மாளின் கொத்து இரண்டு வருஷமாக வாடவே இல்லை. சிங்கப்பூர் சண்டையில் காணாமல் போன ஒரே மகன் சாமிநாதனுக்காக வைக்கிறாள். கத்திரி வெயிலில்கூட வாடவில்லையாக்கும் என்று பெருமாள் ஆர்.கே.பேட்டை வரைக்கும் தம்பட்டம் அடித்து வைத்திருந்தார்.

"அப்ப, இத்தினி நாளும் மாத்தி வெச்சிகினு இருந்தது நீதானா?"

"ஆங். வியாழக்கெழம தவறாம வருவேங்க."

"இது உங்க சாமியா? உனக்கென்னா வேல இங்க?"

"எங்க சாமி இல்லீங்க. ஆனா அந்தம்மா மொகம் தெரியுமே! மொத வாரமே எட்டிப் பாத்தேன், காஞ்சி கெடந்துது. மறுநாள் வந்து பாத்தா நெஞ்சு வெடிச்சிப் பூடுமேன்னு மனசு கேக்கல."

"உன் மவன் நசருல்லாவும் அதே பட்டாளத்துலதான போனான்? உனக்கு மட்டும் சேதி வந்துட்டுதா?"

"இல்லீங்க. ஆனா அந்தம்மா வூட்டுக்கும் இன்னும் சர்க்கார் கடுதாசி வரல இல்ல? ரெண்டும் அரக்கோணத்துல ஒரே நாள்ல பேர் குடுத்து, ஒரே ரயில்ல ஏறிப் போன பசங்க. அவன் இருந்தா இவனும் இருப்பான். அத வெச்சிதான் சோறு எறங்குது." கரீமுல்லா தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டாப் போதும், அவன்தான்னு எழுந்து ஓடறேங்க."

பெருமாளுக்கு மனசு இளகத்தான் செய்தது. ஆனாலும் விறைத்துக்கொண்டார்.

"அதுக்குன்னு அம்மன் பேர்ல பொய்யா? இந்த ஒரு தபா வெச்சிட்டுப் போ. நாளைக்கு நானே அந்தம்மாகிட்ட சொல்லிடுவேன்."

பாய் முன்னமே அறுத்து வைத்திருந்த புதுக் கொத்தைக் கலயத்தில் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

மறுநாள் காலையில் தாயாரம்மாள் குடத்தோடு ஏறி வந்தாள். கீழே பாதையில் கரீமுல்லா குதிரைக்குப் புல் போடுகிற சாக்கில் மேலேயே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பாய்! பச்சையா கீது பாய்! நம்ம பசங்க நல்லா கீறாங்க!"

அவள் கத்தியது மலைச்சரிவெல்லாம் கேட்டது. கரீமுல்லா இரண்டு கையையும் ஏந்தி வானத்தைப் பார்த்தார். அப்புறம் சிரித்தபடியே வண்டியை ஓட்டிக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் போனார்.

வண்டி திருப்பத்தில் மறையும் வரைக்கும் பெருமாள் காத்திருந்தார். தொண்டையைக் கனைத்தார்.

"தாயாரம்மா, அந்தக் கொத்து வந்து..."

"கத்தியால அறுத்தது" என்றாள் அவள். "கையால ஒடிச்சா தோலு உரிஞ்சி நாரா வரும். இது நறுக்குனாப்புல கீது. பாவம், பாய்க்கு நம்ம மொறை தெரியாது. எனக்கு மொத வாரமே தெரியும் பூசாரி."

பெருமாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"தெரிஞ்சேவா வாராவாரம் வந்து இப்டி சந்தோசப்பட்டுகினு போற?"

"மொதல்ல நப்பாசதான். யாரு வெச்சா என்னா, பச்சையா கீதேன்னு நெஞ்சத் தேத்திகினேன். அப்புறம்..."

முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். நாலாக மடித்த காகிதம். மடிப்பெல்லாம் நைந்து போயிருந்தது. மேலே சர்க்கார் முத்திரை.

"தை மாசம் வந்துது. இந்த ஊர்ல யாருக்கும் காட்டல. நூல் வாங்கப் போனப்போ அரக்கோணத்துல யாரோ ஒருத்தரப் படிச்சிச் சொல்லச் சொன்னேன்." அவள் காகிதத்தை மறுபடியும் நாலாக மடித்தாள். "என் சாமிநாதன் இல்ல பூசாரி. அவன் போயி ஒரு வருசம் ஆயிப்போச்சாம்."

பெருமாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

தாயாரம்மாள் போய், புதரில் நல்ல தளிராகப் பார்த்து ஒரு கொத்தைக் கையால் ஒடித்து வந்தாள். கலயத்தில் புதுத் தண்ணீர் ஊற்றி அதில் வைத்தாள்.

"இன்னும் யாருக்கும்மா வெக்கிற?"

"நசருல்லாவுக்கு" என்றாள். "பாய் வூட்டுக்கு இன்னும் கடுதாசி வரல இல்ல?"