வெறும் ஜன்னல்

கடலோர ஊரான வியானாவில் மாதா சப்பரம் வரும் தெருவில், ஒவ்வொரு ஜன்னலிலும் வீட்டின் நல்ல பட்டு விரிப்பு தொங்கியாக வேண்டும். அதைப் பார்க்கவே சுற்றுலாக்காரர்கள் கேமராவோடு குவிந்திருந்தார்கள். எதிர்வீட்டு தியோலிந்தாவின் ஜன்னல் மட்டும் வெறுமையாக இருந்தது.

"என்னக்கா, விரிப்பை வித்துத் தின்னுட்டியா?" ஃபெலிஸ்மினா தன் ஜன்னலிலிருந்து கத்தினாள். "ஊரே ஃபோட்டோ எடுக்குது. உன் வீடு பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்கு!"

தெருவே சிரித்தது.

"துவைச்சேன்டி. இன்னும் காயல."

"திருநாள் அன்னிக்கா துவைப்பாங்க? என் வீட்டுக்காரர் ராத்திரி படகுலயே தங்கிட்டாரு. நான் ஒத்தையா மாட்டல? வெக்கமா இல்ல உனக்கு?"

தியோலிந்தா உள்ளே போய்விட்டாள்.

ஃபெலிஸ்மினாவுக்கு அதுவும் பொறுக்கவில்லை. பொய்யைக் கையும் களவுமாகப் பிடிப்பதென்று படியிறங்கி, நேரே அவள் வீட்டுக் கொல்லைக்கே போனாள்.

விரிப்பு நிஜமாகவே கொடியில் சொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஓர் ஆண்பிள்ளைச் சட்டை. வெள்ளைப் பொத்தான்களுக்கு நடுவே ஒரே ஒரு நீலப் பொத்தான். போன ஞாயிற்றுக்கிழமை ஃபெலிஸ்மினா தன் கையால் தைத்தது.

"ராத்திரி குடிச்சிட்டு எங்க வாசல்ல விழுந்து கெடந்தாரு," பின்னாலிருந்து தியோலிந்தா மெதுவாகச் சொன்னாள். "நானும் எங்க வீட்டுக்காரரும்தான் தூக்கிட்டு வந்தோம். குளிர்ல நடுங்கினாரு. காலையில மாட்ட எடுத்து வச்ச விரிப்புதான் கைக்குக் கெடச்சுது. போத்திவிட்டோம். அதுலயே வாந்தி எடுத்துட்டாரு."

ஃபெலிஸ்மினாவால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"எங்க இருக்காரு? கூட்டிட்டுப் போறேன்க்கா."

"உள்ள தூங்குறாரு. இப்ப வேணாம்டி, சப்பரம் போகட்டும். ஃபோட்டோ எடுப்பாங்க."