வீட்டுக்காரர் கேட்ட சத்தம்

“மைக்கை மேல தொங்க விடாதீங்க சார். இந்தப் பலகைக்கு அடியில வையுங்க.”

ஒலிப்பதிவாளர் திரும்பிப் பார்த்தார். அவருடைய ஸ்டுடியோவுக்கு நேரான பாட்டோடு வந்தவர்கள் குறைவு. போன மாதம் ஒருவர் காலித் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கி உட்கார்ந்து புல்லாங்குழல் ஊதினார். அதற்கு முன்பு இரண்டு பேர் பழைய ஃப்ரிட்ஜின் முனகலை மட்டும் வைத்து ஓர் ஆல்பமே போட்டார்கள். அதைக் கேட்டவர்களைவிட வாசித்தவர்கள் அதிகம். ஆனால், துணிப்பையில் தட்டும் டம்ளரும் ரப்பர் பந்தும் போட்டுக்கொண்டு வந்து நின்றவள் இவள் ஒருத்திதான்.

“என்ன ப்ராஜெக்ட் மேடம் இது?”

“ப்ராஜெக்ட்லாம் ஒண்ணும் இல்ல சார். ஒரு வீட்டோட சத்தம் வேணும். நடக்கறது, நாற்காலிய இழுக்கறது, தட்டு கீழ விழறது. பாட்டு கீட்டு எதுவும் வேணாம்.”

“யாருக்கு?”

“எங்க வீட்டுக்காரருக்கு. தனியா இருக்கார். எங்க சத்தத்தைக் கேட்டுக் கேட்டே பழகிட்டார். இனிமே அது இல்லாம எப்படித் தூங்கறதுங்கறார்.”

புருஷனுக்கு எங்கோ தூர தேசத்தில் வேலை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். அதற்கு மேல் துருவுவது அவர் வழக்கம் இல்லை.

“அப்ப நான் உங்க வீட்டுக்கே வந்து எடுத்துடறேனே? அசலா இருக்கும்.”

“ஐயோ, வேணாம் சார்” என்றாள் சட்டென்று. “இங்கயே பண்ணிடலாம்.”

டிரம்ஸ் வைக்கிற மர மேடையைக் காலி செய்து, அடியில் மைக்கைச் செருகினார். அவள் மேலே ஏறி நடந்தாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஹெட்போனில் அது மொத்து மொத்தென்று கேட்டது. சமையலறைக்குப் போகிற நடை. எதையோ மறந்துவிட்டுத் திரும்புகிற நடை. நாற்காலியை இழுத்தாள். தட்டைக் கீழே போட்டாள். அது சுழன்று சுழன்று அடங்கும்வரை அவர் மூச்சுவிடவில்லை. தன் தலைக்கு மேலே ஒரு குடும்பமே குடிவந்துவிட்ட மாதிரி இருந்தது.

“உங்க வீட்டுல யாரு சார் இப்படி உருட்டுவாங்க?” என்றாள் அவள், தட்டைத் துடைத்துக்கொண்டே.

“எனக்கு வீடே இதுதான் மேடம். பின்னால ஒரு ரூம். அப்பா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். போன்ல கேட்டா, ‘எனக்கென்னப்பா குறை’ன்னுவார். நானும் சரின்னு வெச்சுடுவேன்.”

பஞ்சு ஒட்டிய சுவர்கள் அந்தப் பேச்சையும் அப்படியே விழுங்கிக்கொண்டன. சத்தத்தை வைத்துப் பிழைக்கிறவருக்கு, ஒரு தும்மல் போட்டால் என்ன ஏது என்று கேட்க நாதியில்லை.

“அடுத்தது எங்க வாலு, என் பொண்ணு, ஓடணும் சார்” என்றாள் அவள். “நான் அதட்டுவேன். நீங்க ஓடுங்க.”

“நானா?”

“நானே ஓடிக்கிட்டு நானே அதட்ட முடியுமா?”

செருப்பைக் கழற்றிவிட்டு மேடையில் ஏறினார். ஓடினார். தொந்தி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். பலகை தடதடத்தது.

“அடியேய், மெதுவாப் போடி! வீடு இடிஞ்சு விழுந்துடப் போகுது!” என்று அவள் கத்தினாள். “குதிங்க சார், அவ குதிப்பா!”

குதித்தார். பந்து காலில் மாட்டி, தடுமாறி, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். நிறுத்த முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தார். அந்த அறையில் அவர் எத்தனையோ பேரைப் பதிவு செய்திருக்கிறார். அவருடைய குரல் அங்கே பதிவானது அதுதான் முதல் தடவை.

“மன்னிச்சுக்குங்க. இந்தச் சிரிப்பை வெட்டிடறேன்.”

“அதை மட்டும் வெட்டிடாதீங்க சார்” என்றாள். “அவருக்கு அது ரொம்பப் பிடிக்கும்.”

வேலை முடிந்தது. பென் டிரைவை நீட்டினார். இவள் போய்விட்டால் இந்த அறை மறுபடியும் அதே அறைதான்.

“உங்க வீட்டுக்காரர் கொடுத்து வெச்சவர்ம்மா. எந்த ஊர்ல இருக்கார்?”

“இதே ஊர்தான் சார். கீழ் வீட்டுல.”

“கீழ் வீட்டுலயா?”

“நாங்க வாடகைக்கு இருக்கற வீட்டோட ஓனர் சார் அவர். நாங்க மாடியில. என் புருஷனுக்கு வேற ஊருக்கு மாத்தல் ஆயிடுச்சு, நாளைக்குக் காலி பண்றோம். ‘போறதுதான் போறீங்க, உங்க சத்தத்தையாவது விட்டுட்டுப் போங்களேன்’னு சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார். எனக்குத்தான் மனசு கேக்கல.”

அவள் பென் டிரைவை வாங்கிக்கொள்ளவில்லை. அவர் விரல்களை மடக்கி, அதை அவர் உள்ளங்கையிலேயே வைத்து மூடினாள்.

“நீங்களே கொண்டு போய்க் கொடுத்துடுங்க சார்.”

“நானா? அட்ரஸ் சொல்லலையே?”

அவள் வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டாள்.

“மூணு வருஷமா அங்க இருக்கோம், ஒரு நாள்கூட உங்களை அந்த வாசல்ல பார்த்ததில்ல” என்றாள். “இருந்தாலும், அப்பா வீட்டுக்குப் போக உங்களுக்கு அட்ரஸ் எதுக்கு சார்?”