படியில் வைத்த கால்

"ஆதார் காட்டினா டிக்கெட் வேணாம்தானே?" என்று கேட்டபடியே பையைத் துழாவினாள் லட்சுமம்மா.

கண்டக்டர் ரெமிஜியஸ் சிரித்தார். "அது சாதா பஸ்லம்மா. இது ஏர்போர்ட் ஏசி பஸ். பொம்பளைங்களுக்கும் காசுதான்."

காசு இருந்தது. ஆதார்தான் இல்லை. தினமும் வேலைக்கு எடுத்துப் போகும் பழைய பைக்குள், வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது அது. விமானத்தில் போகிறோமே என்று இன்று புதுப் பை எடுத்து வந்திருந்தாள்.

"ஐயோ, அது இல்லாம ஏர்போர்ட்டுக்கு உள்ளேயே விடமாட்டாங்கன்னு பையன் படிச்சுப் படிச்சுச் சொன்னானே!"

"போன்ல ஏதாவது இருக்கா?"

"பட்டன் போனுப்பா."

பூனாவில் அவள் மகளுக்கு மறுநாள் காலையில் ஆபரேஷன். கூட இருக்க லட்சுமம்மாவை விட்டால் ஆள் இல்லை.

சில்க் போர்டு ஸ்டாப்பில் பஸ் ஏற்றிவிட்டுப் போன மகன் சரவணனுக்குப் போன் போட்டாள். அவன் திட்டவில்லை. "வீட்டுக்குப் போய் எடுத்துக்கிட்டு ஹெப்பாள் ஸ்டாப்புக்கு வந்துடறேன். பஸ்ஸை மட்டும் நிக்கச் சொல்லு" என்றான்.

ஹெப்பாள் வந்தது. சரவணன் வரவில்லை.

இதை விட்டால் பஸ் வேகமெடுத்துவிடும். பைக்கில் துரத்திப் பிடிக்க முடியாது.

"எங்கடா இருக்கே?"

"மேக்ரி சர்க்கிள் சிக்னல்மா!"

"முன்ன போன் பண்ணப்பவும் அங்கேதானே இருந்தே!"

டிரைவர் திரும்பிப் பார்த்துக் கன்னடத்தில் கேட்டார். "ரெமி, ஹோகணா? டைம் ஆய்து!"

"போகலாமான்னு கேக்கறார். என்ன சொல்றீங்க?" என்று ரெமிஜியஸ் பொதுவாகக் கேட்டார். "நான் பாட்டுக்கு நிறுத்தி வெச்சா நாளைக்கு எனக்கு மெமோ வரும்."

இஸ்திரி குலையாத சட்டையோடு எழுந்து நின்றார் சுந்தரேசன். அறுபதைத் தாண்டியவர்.

"இதுல கேக்க என்ன இருக்கு? ஃப்ளைட்டுக்கு நேரமாச்சு, எடுங்க. ஒருத்தரோட மறதிக்கு இத்தனை பேர் பலியா?"

"ஆமாமா, எடுங்க" என்று பின்னாலிருந்து இரண்டு மூன்று குரல்கள் வந்தன.

"ரெண்டே நிமிஷம் சாமி" என்று லட்சுமம்மா கைகூப்பினாள். "வந்துடுவான்."

"பஸ் என்ன உங்க வீட்டுக் காராம்மா?"

ரெமிஜியஸ் தலையைக் குனிந்துகொண்டு விசிலை வாய்க்குக் கொண்டுபோனார்.

அப்போதுதான் முன்சீட்டுப் பெண் எழுந்தாள். பெயர் சௌம்யா. எலெக்ட்ரானிக் சிட்டியில் ஏறியதிலிருந்து காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தவள். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் இறங்கினாள். ஒரு காலை ரோட்டிலும் ஒரு காலைப் படியிலுமாக வைத்து நின்றுகொண்டாள்.

கதவு மூடப் பார்த்து, மறுபடி திறந்துகொண்டது.

"ஏம்மா, ஏறு!" என்றார் ரெமிஜியஸ்.

"அந்தம்மா பையன் வந்ததும் ஏறறேண்ணா."

"உனக்கு ஃப்ளைட் எப்போ?"

போனைப் பார்த்துவிட்டு, "எனக்கு இன்னும் நேரம் இருக்கு" என்றாள்.

"பார்த்தீங்களா!" என்றார் சுந்தரேசன். "அவளுக்கு நேரம் இருக்காம், அதனால நாம நிக்கணுமாம். ஃப்ளைட் பிடிக்கறவ எவளாவது இப்படி நிப்பாளா? ஏர்போர்ட்டை வேடிக்கை பார்க்க வந்த கூட்டம். காலை எடும்மா!"

சௌம்யா ரோட்டையே பார்த்தாள். நகத்தைக் கடித்தாள். காலை எடுக்கவில்லை.

"என்ன ரவுடித்தனம் இது? வீட்ல இப்படித்தான் வளர்த்தாங்களா?"

அவள் காது சிவந்தது.

தூரத்தில் ஒரு பைக் ஹார்ன் விடாமல் அடித்துக்கொண்டு வந்தது. லட்சுமம்மா கம்பியைப் பிடித்தபடி அழ ஆரம்பித்தாள். சரவணன் வண்டியை நிறுத்தக்கூட இல்லை. ஓடும் வண்டியிலிருந்தே அட்டையை நீட்டினான். சௌம்யா அதை வாங்கி லட்சுமம்மாவின் கையில் வைத்தபிறகுதான் பஸ்ஸுக்குள் வந்தாள்.

ஏர்போர்ட் வரைக்கும் சுந்தரேசன் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து உச்சுக்கொட்டிக்கொண்டு வந்தார்.

இறங்கியதும் லட்சுமம்மா சௌம்யாவின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். "நல்லா இருப்பே கண்ணு."

"அதோ, அந்த கேட்மா. சீக்கிரம் போங்க" என்று கை காட்டிவிட்டு, சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடினாள் சௌம்யா.

பஸ் திரும்பிப் போகும் நேரம் வந்தது. ரெமிஜியஸ் டீ குடித்துவிட்டுப் படியருகில் நின்றார். அதே சக்கரப் பெட்டி மெதுவாக அவரை நோக்கி வந்தது.

"என்னம்மா, திரும்பி வர்றே?"

"என் ஃப்ளைட்டுக்கு கவுண்டர் மூடிட்டாங்கண்ணா."

"நேரம் இருக்குன்னு சொன்னியே!"

"ஓடினா பிடிச்சுடலாம்னு நெனச்சேன்."

"அடுத்த ஃப்ளைட்ல போகலாமே?"

"இன்டர்வியூ மத்தியானம்ணா, ஹைதராபாத்ல. அடுத்த ஃப்ளைட் சாயந்திரம்தான்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அந்தம்மா உள்ளே போயிட்டாங்க. கண்ணாடி வழியா பார்த்தேன்."

ரெமிஜியஸ் கையை நீட்டினார். பெட்டியை வாங்கி உள்ளே வைத்தார். நிமிர்ந்தபோது பக்கத்து பெஞ்சில் சுந்தரேசன் உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்க வேண்டும். கையில் பிடித்த காபி ஆறிப்போயிருந்தது.

"ஐயோ சார்! உங்க ஃப்ளைட்டும் போயிடுச்சா?"

சுந்தரேசன் அந்தப் பெண்ணின் பக்கம் பார்க்கவில்லை.

"நான் எங்கேயும் போகலைப்பா. மகனைக் கூட்டிட்டுப் போக வந்தேன்... அவன் வந்து இறங்க இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு."