சனி மேல் ஆசை

பின்வாசல் கதவோரம் நின்ற கல்பனாவுக்கு, தோட்டத்தில் கணவன் ஜெகன் போனில் பேசுவது தெளிவாகக் கேட்டது.

“செவ்வாய், வெள்ளி பாக்கறதெல்லாம் அப்புறம் மேடம். எனக்கு சனிதான் பாக்கணும், ரொம்ப நாள் ஆசை. எங்க தோட்டத்துலயே பாத்துக்கலாம், வெளிச்சமே கெடையாது. அதிகமா செலவு பண்ண முடியாது மேடம். வூட்ல இன்னும் சொல்லல.”

சனிக்கிழமைதான் கல்பனா காவாந்தண்டலத்தில் இருக்கும் அம்மாவைப் பார்க்கப் போவாள்.

ஜெகன் உள்ளே வந்ததும் வழியை மறித்தாள். “நான் எங்கம்மா வூட்டுக்குப் போற நாளா பாத்து, எவளய்யா தோட்டத்துல பாக்கப் போற?”

“எவளயா? இன்னா பேசிக்கினு கீற?”

“சனிக்கெழம பாக்கணும்னு சொன்னியே, காதுல வுழுந்துச்சு.”

ஜெகனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“கெழம இல்ல கல்பனா, கிரகம்.” போனைக் காட்டினான். அதில் ஒரு டெலஸ்கோப் படம் இருந்தது. “கடைக்கார மேடத்தக் கேட்டுக்கினு இருந்தேன். இதவிட மலிவா வாங்கினா ஸ்டாண்டு ஆடுமாம், சனியோட வளையம் சரியா தெரியாதாம். இதயே வாங்கட்டுமா?”

கல்பனாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. முகத்தை மட்டும் இளக விடவில்லை.

“வாங்கிக்கோ. செவ்வாய், வெள்ளி, சனி எல்லாம் பாரு. ஞாயிறு மட்டும் பாத்தே, கண்ணு போயிடும்.”