கழற்றாத பூட்ஸ்

ஸ்வீடனின் மால்மோ நகரில் காலணியோடு யாரும் வீட்டுக்குள் நுழைவதில்லை. வீட்டில் அடி வாங்கும் பெண்களுக்கு உதவும் இந்த அலுவலகத்திலும் அதே வழக்கம்தான். ருவைதா மட்டும் நாற்காலி நுனியில் பூட்ஸோடு உட்கார்ந்திருக்கிறாள். அதில் ஒட்டிய பனி உருகிக் கம்பளத்தில் கறுப்பாகப் பரவுகிறது. வெளியே பஸ் கதவு சீறும்போதெல்லாம் அவளுக்குத் தூக்கிவாரிப்போடுகிறது. பல் டாக்டரிடம் போவதாகக் கணவனிடம் சொல்லி வந்திருக்கிறாள். மடியில் போன் நாலாவது முறையாக அதிர்கிறது. “கழட்டிட்டு வசதியா உக்காருங்களேன்,” என்கிறார் ஆலோசகர் சோல்வெய், கம்பளிக் காலுறையோடு. “ஓட வேண்டி வந்தா லேஸ் கட்ட நேரம் இருக்காதுக்கா.” சோல்வெய் எழுந்து வாசல் பக்கம் போகிறார். போன் மறுபடி அதிர்கிறது. திரும்பி வந்தவர் காலில் சேறு அப்பிய பூட்ஸ். எதிரே உட்கார்ந்து லேஸை இறுக்கி முடிச்சுப் போடுகிறார். “ஓடணும்னா நானும் வரேன். இப்ப சொல்லுங்க.”