நடுங்காத தட்டு

லித்தியம் மாத்திரை திருவேங்கடத்தின் மனதைத் தரையில் நிறுத்தியது. கைகளை மட்டும் நடுங்க வைத்தது. மகளின் நிச்சயதார்த்தத்தில் தாம்பூலத் தட்டு ஆடினால் சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்களோ என்று பயந்து, மாத்திரை டப்பாவை அரிசிப் பானைக்குள் புதைத்தவள் அவர் மனைவி பங்கஜவல்லிதான். “ஒரு வாரந்தானே” என்றாள்.

முதலில் அவருக்குத் தூக்கம் போயிற்று. பிறகு பேச்சு பெருகிற்று. நிச்சயத்தன்று காலையில் மனிதர் தரைக்கு ஒரு முழம் மேலே நடந்தார். சம்பந்திகள் ஜமுக்காளத்தில் உட்கார்ந்தபோது, தட்டும் கையுமாக மின்விசிறி வரை போய்விட்டார். நல்லவேளை, அந்நேரம் மின்சாரம் இல்லை.

பங்கஜவல்லி நாற்காலியில் ஏறி அவர் கணுக்காலைப் பிடித்தாள். இன்னொரு கையில் மாத்திரை.

“கீழ வாங்க, உங்களக் கும்பிடறேன். இதப் போட்டுக்குங்க. கை நடுங்கினா நடுங்கிட்டுப் போகட்டும்!”

“சீக்கிரம் இறங்குங்க சம்பந்தி, ராகுகாலம் வந்துரும்” என்றார் மாப்பிள்ளையின் அப்பா, அண்ணாந்தபடி.

“பாத்தியா வல்லி?” என்று மேலிருந்து சிரித்தார் திருவேங்கடம். “எலுமிச்சம்பழம்கூட உருளல!”

உண்மைதான், உருளவில்லை. பங்கஜவல்லியும் பிடியை விடவில்லை. மணையில் இருந்த மகள் ஓடிவந்து, நாற்காலியை விட்டு எழும்பிவிட்ட அம்மாவின் பாதங்களை இறுகக் கட்டிக்கொண்டாள்.